பம்பருக்கு இரண்டு நிறம்

எங்கள் பள்ளிக்கூடத்துத் தாளாளருக்கு ஒரு வியாதி உண்டு. இன்னொரு பள்ளிக்கூடத்தில் இருக்கிற பொருள் தன் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று தெரிந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மதுரையில் எங்கோ நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டு வந்து இங்கேயும் ஒன்று வெட்டினார். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில், குடிக்கிற தண்ணீரையே லாரியில் வாங்குகிற இடத்தில், ஓடு பதித்த நீச்சல் குளம். திறப்பு விழா அன்று மட்டும் அதில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. இப்போது கால் உடைந்த பெஞ்சுகளை அதற்குள் இறக்கி வைத்திருக்கிறோம்.

ரோபோ வந்ததும் இதே வியாதியில்தான். கோயம்புத்தூரில் அவருடைய சம்பந்தி வீட்டுப் பையன் படிக்கிற பள்ளி ஏதோ ரோபோ போட்டியில் ஜெயித்து, அந்தப் பள்ளித் தாளாளர் கையில் கோப்பையோடு நிற்கிற படம் இவருடைய போனுக்கு வந்தது. படத்தில் ரோபோவும் இருந்தது. அதை இவர் கவனித்தாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கோப்பையைக் கவனித்தார். மறு மாதமே பெரிய அட்டைப்பெட்டிகள் நான்கு வந்து இறங்கின. கூடவே நூற்றைம்பது பக்கத்துக்கு ஒரு விதிப்புத்தகம்.

புத்தகத்தை முதலில் இயற்பியல் ஆசிரியரிடம்தான் கொடுத்தார்கள். அவர் நாலு பக்கம் புரட்டிவிட்டு என் மேஜைக்குக் கொண்டுவந்தார். "மேடம், இது பூரா இங்கிலீஷா இருக்கு" என்றார். பதினைந்து வருடமாக இங்கிலீஷ் மீடியத்தில் இயற்பியல் நடத்துகிறவர்.  புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பள்ளியில் நான் இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். இத்தனை வருடத்தில் நிர்வாகம் என் இங்கிலீஷைப் பயன்படுத்திக்கொண்டது ஆண்டு விழா அழைப்பிதழுக்கும் தாளாளர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கும்தான். படித்துப் புரிந்துகொண்டு சொல் என்று யாரும் எதையும் என்னிடம் கொடுத்ததே இல்லை.

ரோபோ என்றதும் கையும் தலையும் வைத்து நடக்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். இது சக்கரத்தில் ஓடுகிற ஒரு பெட்டி, வாஷிங் மெஷின் அளவு இருக்கும். ஒரு பக்கம் மூன்று, எதிர்ப்பக்கம் மூன்று என்று ஆறு பெட்டிகளை ஒரே களத்தில் விடுவார்கள். பந்தைப் பொறுக்கிக் கூடையில் போடும் அவசரத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். அந்த முட்டலில் எதுவும் உடையாமல் இருக்க, பெட்டியின் அடிப்பக்கத்தைச் சுற்றி ஓர் இடுப்புப் பட்டை வேண்டும். உள்ளே பிளைவுட் பலகை, பலகைக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நுரைக்குழாய், எல்லாவற்றையும் இறுக்கிச் சுற்றிக் கெட்டித் துணி. இதற்குப் பெயர் பம்பர். பலகை எத்தனை கனம், குழாய் எத்தனை பருமன், மூலையில் எத்தனை இடைவெளி விடலாம், தரையிலிருந்து எத்தனை உயரத்தில் மாட்ட வேண்டும், குழுவின் எண்ணை எவ்வளவு பெரிதாக எழுத வேண்டும் என்று பம்பருக்கு மட்டுமே ஒன்பது பக்கம் விதி. அதில் ஒன்று பிசகினாலும் ரோபோவைக் களத்துக்குள் விடமாட்டார்கள்.

அந்த ஒன்பது பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், ஆசையாகப் படித்தேன். அதை எழுதியவர் மனிதர்களைத் துளியும் நம்பாதவர். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பொந்தை அடைத்தது. இன்ன இடத்தில் ஒருவன் முன்பு ஏமாற்றியிருக்கிறான், அதனால் இந்த வாக்கியம். அந்த வாக்கியத்தைச் சுற்றிக்கொண்டு இன்னொருவன் போயிருக்கிறான், அதனால் அடுத்த வாக்கியம். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து என் சக ஆசிரியர்களைப் பார்க்கும்போது எனக்கு எப்படித் தோன்றுமோ அப்படியே எழுதியிருந்தார்.

குழுவில் ஆறு பிள்ளைகள், எல்லாம் பிளஸ் ஒன். அவர்களில் ஒருத்திதான் தலைவி. பரளச்சிப் பக்கம் ஒரு ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை. அளவு எடுத்தாளென்றால் இரண்டாவது தடவை யாரும் எடுக்க வேண்டியதில்லை. சக்கரம், சங்கிலி, மோட்டார் எல்லாம் அவள் கையால்தான் பொருந்தியது. அவளுக்கு இங்கிலீஷ் மட்டும் பயம். அவளுக்காகத்தான் பம்பர் விதிகளைத் தமிழில் இரண்டு பக்கமாகச் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூடவே வைத்திருந்தாள். யார் என்ன சொன்னாலும் "மிஸ் தாள்ல என்ன இருக்கோ அதான்" என்பாள். அடுத்த வருடம் பிளஸ் டூ. பிளஸ் டூ பிள்ளைகளை எங்கள் பள்ளியில் விளையாட்டு மைதானத்துக்கே விடுவதில்லை. ஆகவே அவள் கட்டிய ரோபோ களத்தில் ஓடுவதற்கு இந்த ஒரு தடவைதான் வாய்ப்பு. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாரா வாரம் தாளாளர் அறையில் கூட்டம். நான் விதியைப் படித்து விளக்க வேண்டும், அவர் கேட்க வேண்டும். அவர் கேட்கிற அழகைச் சொல்ல வேண்டும். விதி என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைத் தளர்த்தக்கூடிய ஆள் எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு ஒரு சால்வை, ஒரு பழத்தட்டு.

"பலகை முக்கால் இஞ்சு இருக்கணும் சார்" என்றேன்.

"ஹாஸ்டல் கட்டுனப்ப மிஞ்சுன பலகை அரை இஞ்சுல கெடக்குல்ல. கால் இஞ்சுதான கொறச்ச? இதுக்கு யாரப் பாக்கணும்?"

"யாரையும் பார்க்க முடியாது சார். அளந்து பார்ப்பாங்க."

"அளக்குறவன் யாருன்னு கேக்குறேன்."

இயற்பியல் ஆசிரியர் தன் பங்குக்கு, நுரைக்குழாய்க்குப் பதிலாக இலவம் பஞ்சு திணிக்கலாம் என்றார். ஹாஸ்டலில் பழைய மெத்தைகள் இருப்பதாகச் சொன்னார். தாளாளர் தலையாட்டினார். விதிப்புத்தகம் கேட்டது, நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகள் மிதப்பதற்குப் பிடித்துக்கொள்ளும் கெட்டி நுரைக்குழாயை. சொந்தமாக நீச்சல் குளம் வைத்திருக்கிற எங்கள் பள்ளியில் அது ஒன்றுகூட இல்லை. மதுரையிலிருந்து வரவழைத்தோம்.

இந்த ஐந்தாறு மாதத்தில் விதியை விதியாகப் படித்த பெரிய ஆள் ஒருவர்தான். பாளையம்பட்டியில் வண்டி சீட்டு தைக்கிறவர். சவுதியில் லாரிகளுக்கு சீட்டு தைத்துவிட்டுத் திரும்பி வந்து ரோட்டோரம் கடை போட்டிருந்தார். நானும் எங்கள் குழுத் தலைவியும் தாளோடு போனோம். மூலையில் நுரை இல்லாமல் வெறும் பலகை தெரியக் கூடாது என்ற இடத்தை நான் வாசித்ததும் என்னை நிறுத்தினார்.

"சரியாச் சொல்லியிருக்காக டீச்சர். அடி வாங்குற சாமானு எதுவா இருந்தாலும் மூலதான் மொதல்ல போகும். இத எழுதுனவுக தொழில் தெரிஞ்சவுக."

படிப்பு எட்டாவது. எங்கள் ஆசிரியர் அறையில் இருக்கிற பட்டங்களை எல்லாம் கட்டி அவர் கடை வாசலில் போட்டுவிட்டு வரலாம் என்று இருந்தது. அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோணி ஊசியைப் பிடிக்கவும், துணியை இழுத்து மடித்துப் பலகையின் பின்னால் ஸ்டேப்ளர் பின் அடிக்கவும் மூன்று சனிக்கிழமையில் கற்றுக்கொண்டாள்.

பலகை தயாரானபோது விஷயம் உபயத்தில் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் எதுவும் பெயர் இல்லாமல் கொடுக்கப்படுவதில்லை. கோயில் டியூப்லைட்டில் உபயம் என்று ஆரம்பித்து அப்பா பெயர், தாத்தா பெயர், கடை பெயர், ஊர் பெயர் என்று எழுதி நிரப்பி வெளிச்சம் வர இடமில்லாமல் செய்துவிடுவார்கள். மின்விசிறி இறக்கையில் எழுதியிருப்பார்கள், அதைப் படிக்க வேண்டுமானால் கரண்டு போக வேண்டும். பிணம் வைக்கிற குளிர்பெட்டியில்கூட உண்டு. தாளாளர் பம்பரைச் சுற்றிலும் மஞ்சள் எழுத்தில் தன் பெயரையும், காலமான தன் அப்பாவின் பெயரையும் எழுதச் சொன்னார்.

"பம்பர் துணியில் குழு எண்ணைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது சார். விதி."

"நம்பருக்குப் பக்கத்துல சின்னதா?"

"கூடாது சார்."

"எங்க அய்யா பேரு இல்லாம இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு கக்கூசு கதவு கெடையாது, டீச்சரம்மா."

அது உண்மைதான். கதவுக்கு உள்பக்கமும் எழுதியிருக்கும். அந்த உள்பக்கத்தை நினைத்துத்தான் எனக்கு யோசனை வந்தது. பலகையின் உள்முகத்தில் எழுதலாம், அது வெளியே தெரியாது, அதற்குத் தடை இல்லை என்றேன். அவர் முகம் சுருங்கியது. தெரியாத இடத்தில் பெயர் எதற்கு? நான் விடவில்லை. "பரிசோதிக்கிற அதிகாரி பம்பரைக் கழற்றித்தான் பார்ப்பார் சார். முதலில் அவர் கண்ணில் படுவது உங்க அப்பா பெயராகத்தான் இருக்கும்" என்றேன். அதிகாரி என்ற சொல்லில் அவர் குளிர்ந்துபோனார். பெயின்டரை வரவழைத்து நான்கு பலகைக்கும் உள்பக்கத்தில் எழுதவைத்தார். என் சாமர்த்தியத்தை நினைத்து நான் அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாமர்த்தியம்தான் வந்து என் தலையில் விழுந்தது.

பம்பருக்கு இரண்டு நிறத்தில் உறை வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எந்தப் பக்கம் என்று போட்டி நடத்துகிறவர்கள்தான் ஒதுக்குவார்கள். சிவப்புப் பக்கம் விழுந்தால் சிவப்பு உறை, நீலப் பக்கம் விழுந்தால் நீல உறை. இரண்டும் கையில் இல்லாவிட்டால் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். அருப்புக்கோட்டைக் கடையிலிருந்து இரண்டு சுருள் துணி வந்தது. அவள் முதலில் சிவப்பைத் தைத்து முடித்தாள். நீலச் சுருளைப் பிரித்து, எழுத்து எழுதிய பலகையின் மேல் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது தாளாளர் வந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஆள் உண்டு. மின்கம்பத்தில் அடித்திருக்கிற பட்டையைப் பார்த்தால் எந்தத் தெரு எங்கே முடிகிறது என்று வெளியூர்க்காரர்கூடச் சொல்லிவிடலாம். பிள்ளைகள் மணிக்கட்டில் நிறக்கயிறு கட்டி வரக் கூடாது என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் காலைக் கூட்டத்தில் அறிவிப்புப் படிக்கிறவளே நான்தான். நீலம் எந்தத் தெருவின் கொடிக்கம்பத்தில் இருக்கிறது என்பது எங்கள் ஊர்களில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பெண் எந்தத் தெரு என்பதும் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, ஆனாலும் தெரியும்.

தாளாளர் துணியைப் பார்த்தார். பிள்ளைகளைப் போகச் சொன்னார். இயற்பியல் ஆசிரியரையும் போகச் சொன்னார்.

"டீச்சரம்மா, இதென்ன துணி?"

"விதி சார். ரெண்டு நிறம் வேணும்."

"எங்க அய்யா பேரச் சுத்தி இந்தத் துணியா?"

"போட்டிக்கான நிறம் சார். எல்லா ஊர்க்காரங்களும் இதைத்தான் மாட்டுவாங்க."

"ஊர்ல ஆயிரம் பேரு மாட்டட்டும். இந்தா, ஒங்களுக்கு நான் வெளக்கமாச் சொல்லணுமா? நம்ம ஆளுக நீங்க. நாளைக்கு இத போட்டோ எடுத்துப் போட்டா நம்ம சனம் என்னய என்ன கேக்கும்? செவப்புல ரெண்டு செட்டு தைக்கச் சொல்லுங்க. இல்லாட்டிப் பச்ச."

"இல்லாமப் போனா உள்ளேயே விடமாட்டாங்க சார்."

"நீங்க ஒருக்க நல்லாப் படிச்சுப் பாருங்க. எங்கயாச்சும் ஒரு வழி வச்சிருப்பான்."

அந்த ஆளை நான் எவ்வளவு கேவலமாக நினைத்தேன் என்று இங்கே எழுதி முடியாது. மரக்கட்டைக்கும் நுரைக்கும் சாதி பார்க்கிற மனிதர். ஒரு பெட்டி கோயம்புத்தூரில் இரண்டரை நிமிடம் நீலத் துணியோடு ஓடினால் இங்கே ஊரில் தன் அப்பாவின் மானம் போய்விடும் என்று நம்புகிற மனிதர். அவரிடம் நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுத வேண்டும்.

"பார்க்கிறேன் சார்" என்றேன்.

பார்க்க ஒன்றும் இல்லை. ஒன்பது பக்கமும் எனக்கு மனப்பாடம். அந்த விதியில் பொந்து கிடையாது. ஆனால் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வேலைக்கு என்னைவிட நல்ல இங்கிலீஷ் தெரிந்த இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது, அவர் சொன்ன அந்த 'நம்ம ஆளுக'வில்தான். அது அவருக்கும் ஞாபகம் இருந்தது, எனக்கும் ஞாபகம் இருந்தது. பிறகு நான் எனக்கே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டேன். கோயம்புத்தூரில் யாராவது நீலத் துணி கொடுப்பார்கள். அப்போது தாளாளர் அங்கே இருக்கமாட்டார். வேறு வழி இல்லாமல் மாட்டினோம் என்று சொல்லிவிடலாம். ரோபோ ஓடும், என் வேலையும் நிற்கும். கோழைத்தனத்துக்கு இவ்வளவு புத்தி தேவைப்படும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

நீலச் சுருள் கடைக்குத் திரும்பிப் போனது. நான் தமிழ்த் தாளை மறுபடி அச்செடுத்தேன். நிறத்தைப் பற்றிய வரியில் 'சிவப்புத் துணி' என்று மட்டும் வைத்தேன். பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தபோது அவள் படித்துப் பார்த்தாள்.

"மிஸ், நீலத்தக் காணோம்?"

"ரூல் மாறிப்போச்சு. ஒரு நிறம் போதுமாம்."

"அப்படியா மிஸ். நல்லதாப் போச்சு, வேல மிச்சம்" என்று உறையில் போட்டுக்கொண்டாள். மேலே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போட்டி நடந்தது கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அரங்கில். தாளாளர் வரவில்லை. பரிசு வாங்கும் நேரத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பரிசோதகராக வந்த இளைஞர் கையில் அளவுகோலோடு எங்கள் மேஜைக்கு வந்தார். பலகையை அளந்தார், நுரையை அமுக்கிப் பார்த்தார், மூலையில் விரலை விட்டுப் பார்த்தார், தரையிலிருந்து உயரம் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிள்ளை பதில் சொன்னாள். பம்பரைக் கழற்றி உள்பக்கம் பார்த்தார். தாளாளரின் அப்பா பெயர் பளிச்சென்று இருந்தது. அவர் அதைப் படிக்கவே இல்லை, துணியில் அடித்த பின் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"தையல் யாரும்மா? ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

"நான்தான் சார்."

"நீல செட் எங்க?"

"ஒண்ணு போதும் சார். ரூல் மாறிருச்சு" என்று உறையிலிருந்து என் தாளை எடுத்து நீட்டினாள்.

அவருக்குப் புரியவில்லை. தன் விதிப்புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கத்தை எடுத்து, வரியின் மேல் விரலை வைத்து அவளிடம் காட்டினார். அவள் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ரெட், ப்ளூ என்ற இரண்டு சொல்லும் அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத சொற்கள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பரிசோதகரும் என்னைப் பார்த்தார்.

"நான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றேன்.

"பரவாயில்ல மேடம். மொத வருஷம் வர்றவங்க நிறையப் பேர் தப்பாப் படிச்சிடுறாங்க. இங்கிலீஷ் கொஞ்சம் கஷ்டமாத்தான் எழுதியிருக்காங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பையனை அங்கேயே நிற்கவைத்துப் பாடம் எடுத்திருப்பேன். அன்று அந்த அவமானம் எனக்கு வசதியாக இருந்தது. இங்கிலீஷ் தெரியாதவள் என்ற பெயரோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் முதல் ஆட்டமே நீலப் பக்கம். ஒன்றே கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் நீல உறை இல்லையென்றால் அந்த ஆட்டம் கிடையாது. பக்கத்து மேஜைக் குழு தங்களிடம் மிச்சமிருந்த துணியைக் கொடுத்தது, நீளம் போதவில்லை. அவள் இன்னும் இரண்டு மேஜைக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூன்று துண்டையும் சேர்த்துத் தைத்தாள். மற்ற பிள்ளைகள் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் குனிந்து நூல் கோத்துத் தரவா என்று கேட்டேன்.

"வேணாம் மிஸ். நீங்க உக்காருங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஆட்டத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் பரிசோதகர் கையெழுத்துப் போட்டார். ரோபோ நீல உறையோடு களத்துக்குள் போனது. அவள் ஓட்டினாள். எதிர்ப்பக்கத்து வண்டி ஒன்று வேகமாக வந்து இடது மூலையில் மோதியது, அரங்கு முழுக்கச் சத்தம் கேட்டது. துணி கிழியவில்லை, பலகை அசையவில்லை. பாளையம்பட்டிக்காரர் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் தோற்றோம். அடுத்த இரண்டில் ஒன்று ஜெயித்தோம். கோப்பைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை என்றாலும் கடைசி ஆட்டம் வரை எங்கள் வண்டி நிற்காமல் ஓடியது. அந்தப் பிள்ளைகள் கத்திய கத்தில் எனக்குக் காது அடைத்துப்போனது. சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு இல்லை என்பதும் கூடவே தெரிந்தது.

நீல ஆட்டம் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் போன் வந்தது. நேரடி ஒளிபரப்பைத் தாளாளர் போனில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்ன டீச்சரம்மா, நம்ம வண்டி அந்தத் துணியில ஓடுது?"

"வேற வழி இல்ல சார். விதி."

"நீங்கதான பாக்குறேன்னீக" என்றார். கோபம்கூட இல்லை. சரி, போட்டோ செவப்புல எடுத்து அனுப்புங்க என்று வைத்துவிட்டார்.

அனுப்பினேன். அதையும் நான்தான் அனுப்பினேன்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் பிளெக்ஸ் நின்றது. சிவப்பு உறையோடு ரோபோ மூலையில் சின்னதாக. தாளாளர் முகம் ஆள் உயரத்துக்கு. 'மாநில அளவில் சாதனை' என்று எழுதியிருந்தார்கள். என்ன சாதனை என்று எழுதவில்லை. பிள்ளைகள் ஆறு பேரும் அதில் இல்லை, இடம் போதவில்லை என்று இயற்பியல் ஆசிரியர் விளக்கம் சொன்னார்.

முதல் இடைவேளையில் அந்தப் பெண் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். வெளியே போனேன்.

"மிஸ், ரூல் மாறவே இல்லைல்ல?"

"நான் சரியாப் பார்க்கலம்மா."

"நீங்க சரியாப் பாக்காம இருக்க மாட்டீங்க மிஸ்" என்றாள். அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. ஒரு அளவைச் சொல்வது மாதிரி சொன்னாள். "எங்க தெருக் கொடியில அந்தக் கலரு இருக்குன்னுதான வேணாம்னாக?"

 பொய் சொல்ல இங்கிலீஷும் உதவவில்லை, தமிழும் உதவவில்லை.  நான் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததும் அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"அந்த ரூல் புத்தகத்த எனக்குத் தாறீங்களா மிஸ்? அடுத்த வருசம் வாற பிள்ளைகளுக்கு நான் தமிழ்ல எழுதி வச்சிட்டுப் போறேன்."

"இங்கிலீஷ் நெறைய இருக்கேம்மா."

"டிக்சனரி வச்சுப் படிச்சுக்கிறேன் மிஸ்."

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "வாரேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். அவளுக்கு இங்கிலீஷ் ஆசிரியை நான்தான். அடுத்த பாடவேளையே அவள் வகுப்பில்தான் எனக்கு.